பனிக்காட்டுத் தோலும் தொலைதூர விலையும்



மழைக்காலத்தில் ஒரு நாள், எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டான். "சார், மரம் நம்ம காட்டுல இருக்கு. பால் எடுக்கிறது எங்க அம்மா. ஆனா விலையை மட்டும் யாரோ போடுறாங்களே, அது எப்படி சார்?"

அந்தக் கேள்விக்கு ஒரே மூச்சில் விடை சொல்ல நம்மால் இயலவில்லை. ஆனால், இதே கேள்வியை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்த வேறொரு மக்களின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. அவர்கள் ரப்பர் மரத்தைக் கண்டவர்கள் அல்லர். பனிக்காட்டில் பொறி வைத்து விலங்கு பிடித்து, அதன் தோலை விற்றுப் பிழைத்தவர்கள். அவர்களுடைய வரலாற்றை இன்று பார்ப்போம்.

கனடா நாட்டின் வடக்கே ஹட்சன் குடா என்னும் பெரிய கடற்குடா இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காடுகளில் ஆண்டின் பாதி நாளும் பனிதான். குளிர் மிகுந்த நாள்களில், நீர் உறையும் நிலைக்கும் நாற்பது பாகை கீழே போய்விடும். அந்தக் காடுகளில் கிரீ மக்கள் முதலான பூர்வ குடிகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறார்கள். அங்கேதான் பீவர் என்னும் விலங்கும் வாழ்கிறது. அது எலி இனத்தைச் சேர்ந்தது. ஆனால் ஒரு நாயளவு பெரியது. துடுப்புப் போன்ற தட்டையான வாலும் உளி போன்ற பற்களும் உடையது. மரத்தைக் கடித்து வீழ்த்தி, ஓடையின் குறுக்கே அணை கட்டி, அந்த நீரின் நடுவே வீடு அமைத்து வாழும்.

பீவரின் தோலில் இரண்டு அடுக்கு மயிர் உண்டு. மேலே நீண்ட முரட்டு மயிர். அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். இந்த மென்மயிரில் கண்ணுக்குத் தெரியாத சிறு கொக்கிகள் இருக்கின்றன. அழுத்திப் பிசைந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஃபெல்ட் என்னும் உறுதியான துணியாகிவிடும். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கனவான்கள் எல்லாரும் இந்தத் துணியால் செய்த தொப்பியைத்தான் விரும்பினார்கள். ஐரோப்பாவில் இருந்த பீவர்கள் பெரும்பாலும் வேட்டையாடப்பட்டுவிட்டன. எனவே வணிகர்களின் பார்வை கனடாவின் பக்கம் திரும்பியது.

1668-இல் நான்சச் என்னும் சிறு கப்பல் இங்கிலாந்திலிருந்து ஹட்சன் குடாவுக்குச் சென்று, மறு ஆண்டு தோல்களோடு திரும்பியது. அதன் பின் 1670-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், இரண்டாம் சார்லஸ் மன்னர் ஹட்சன் குடாக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். ஹட்சன் குடாவில் வந்து விழும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதும் அந்தக் கம்பெனிக்கு உரியதாக்கப்பட்டது. இன்றைய கனடாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம் அது! அதற்கு வாடகை என்ன தெரியுமா? மன்னர் அந்த மண்ணில் காலடி வைத்தால், இரண்டு எல்க் மான்களும் இரண்டு கரும் பீவர்களும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அங்கே வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாபாரம் எப்படி நடந்தது? காசு புழங்காத காடு அது. ஆகவே நல்ல பீவர் தோல் ஒன்றையே அளவுகோலாக வைத்தார்கள். மற்ற விலங்குகளின் தோல், கத்தி, கெண்டி, போர்வை, வெடிமருந்து எல்லாவற்றுக்கும் "இத்தனை பீவர்" என்று கணக்கு. ஒரு துப்பாக்கி வேண்டுமானால் பத்துக்கு மேற்பட்ட தோல்களைக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிரீ மக்கள் உடுத்திப் பழசான பீவர் போர்வைக்குத் தொடக்கத்தில் புதுத்தோலை விட அதிக மதிப்பு இருந்தது. உடுத்த உடுத்த முரட்டு மயிர் உதிர்ந்து மென்மயிர் மட்டும் எஞ்சுவதால், தொப்பி செய்பவர்களுக்கு வேலை மிச்சம்! தாம் அணிந்து கழித்ததைப் போட்டி போட்டு வாங்கிய வெள்ளையரைப் பார்த்து அவர்கள் வியந்திருப்பார்கள்.

அவர்களை ஏமாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். தெற்கே பிரெஞ்சு வணிகர்கள். வடக்கே ஆங்கிலக் கம்பெனி. இங்கே விலை குறைந்தால் அங்கே போவோம் என்று சொல்லிப் பேரம் பேசத் தெரிந்தவர்கள். துப்பாக்கி சரியில்லை, போர்வை மெல்லியது என்று குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்கள். வாங்குபவர் இருவர் இருக்கும் வரையில் விற்பவருக்கும் ஒரு பலம் இருந்தது. பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகும் மாண்ட்ரியல் நகர வணிகர்கள் வடமேற்குக் கம்பெனி என்ற பெயரில் போட்டிக்கு நின்றார்கள். ஆனால் 1821-இல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. அதன் பிறகு பரந்த வடக்கில் பல இடங்களில் ஒரே கடை, ஒரே தராசு, ஒரே விலை என்ற நிலை வந்தது.

இனி, விலையின் கதையைக் கேளுங்கள். பொறி வைப்பவனுக்கு மூன்று பக்கத்திலும் நிச்சயமில்லை.

முதலாவது, விலங்கு. லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனை முயலைத் தின்று வாழ்வது. ஏறத்தாழ பத்து ஆண்டுக்கு ஒரு முறை முயல்கள் பெருகிப் பின் மடிகின்றன. முயல் குறைந்தால் லிங்க்ஸும் குறையும். கம்பெனியின் பழைய கணக்கேடுகளைப் பார்த்துத்தான் அறிஞர்கள் இந்தச் சுழற்சியைக் கண்டறிந்தார்கள். அவர்களுக்கு அது ஏட்டில் உள்ள எண். பொறி வைத்தவனுக்கோ அடுப்பெரியாத வீடு.

இரண்டாவது, நாகரிகம். 1690-களில் பிரான்சின் கிடங்குகளில் பீவர் தோல் விற்காமல் குவிந்துவிட்டது. 1696-இல் பதினான்காம் லூயி மன்னர், மேற்குக் காடுகளில் இருந்த வணிக நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடும்படி ஆணையிட்டார். பிறகு விலை மீண்டும் எழுந்தது. ஆனால் 1830, 1840-களில் பட்டுத் தொப்பி வந்தது. கனவான்கள் பீவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். காட்டில் குளிர் குறையவில்லை. பீவரின் மென்மயிரும் மாறவில்லை. உழைப்பவனின் திறமையும் குறையவில்லை. கடல் கடந்த ஊரில் ஆள்கள் தலையில் வைப்பது மாறியது. தோலின் விலை விழுந்தது.

மூன்றாவது, கடன். இலையுதிர் காலத்தில் குடும்பம் காட்டுக்குப் புறப்படும்போது மாவு, தேயிலை, தோட்டா, இரும்புப் பொறி எல்லாவற்றையும் கம்பெனிக் கடையில் பற்று எழுதி வாங்கிச் செல்வார்கள். குளிர்காலம் முழுவதும், நாம் நிரை பிடித்து வெட்டுவது போல, பொறிகளை வரிசையாக வைத்த காட்டுத் தடத்தைச் சுற்றி வருவார்கள். பிடித்ததை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, வளைத்துக் கட்டிய கிளைச் சட்டத்தில் தோலை இழுத்துக் காயவைப்பார்கள். கத்தி பட்டுக் கிழிந்தால் தரம் இறங்கும். கோடையில் பிடித்தால் மயிர் அடர்த்தியாக இராது, அதுவும் தரக்குறைவே. வசந்த காலத்தில் தோலைக் கொண்டு வந்து கடனைக் கழிப்பார்கள். கழித்த மீதிக்குச் சாமான். மீதி இல்லையென்றால் அடுத்த ஆண்டின் பற்றில் பெயர் ஏறும்.

இந்த முறையில் ஒரு நன்மையும் இருந்தது. பஞ்ச காலத்தில் கடைக்காரர் கொடுத்த கடன் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் கொடுக்கிற கை ஒரு நாள் மூடிக்கொண்டால் என்ன ஆகும்? 1914-இல் அது நடந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் லண்டன் தோல் ஏலம் நின்று போயிற்று. தோல் வாங்குவதை நிறுத்துங்கள், கடனைச் சுருக்குங்கள் என்று காட்டுக் கடைகளுக்குக் கட்டளை போனது. குளிர்காலம் வாசலில் நிற்கும் நேரம் அது. போர் நடந்ததோ ஐரோப்பாவில். தோட்டாவும் மாவும் இல்லாமல் போனதோ வடகனடாவின் கூடாரங்களில்.

போருக்குப் பின் விலை ஏறியது. 1920-களில் நரித்தோல் நாகரிகமானது. பனிக்கடற்கரையில் வாழும் இனுயிட் மக்கள் வெள்ளை நரிக்குப் பொறி வைக்கத் தொடங்கினார்கள். சீலும் மானும் வேட்டையாடி உண்ட காலம் போய், நரித்தோலைக் கொடுத்து மாவு வாங்கும் காலம் வந்தது. ஆனால் நரியிறைச்சி குடும்பத்தின் வயிற்றை நிரப்பாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நரித்தோல் விலை வீழ்ந்தபோது பல இடங்களில் கொடிய பட்டினி ஏற்பட்டது.

விலை ஏறினால் மட்டும் நன்மையா? அதுவும் இல்லை. விலை ஏறியபோது வெளியாரும் காட்டுக்குள் புகுந்து கண்டபடி பிடித்தார்கள். 1930-ஆம் ஆண்டு வாக்கில் ஜேம்ஸ் குடாவின் கிழக்குக் கரையில் பீவர் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அங்கே ரூபர்ட் ஹவுஸ் என்னும் ஊரில் கம்பெனிக் கடையை நடத்தி வந்தவர் ஜேம்ஸ் வாட். எஞ்சிய பீவர்களை உயிரோடு விட்டுவைப்பதற்காகக் கிரீ மக்களுக்குப் பணம் கொடுத்தார். அவர் மனைவி மாட் வாட் நெடும் பயணம் செய்து கியூபெக் அரசிடம் வாதாடி, ஒரு பெரும் காட்டைக் காப்பிடமாக ஆக்கிக்கொண்டு திரும்பினார். கிரீ முதியவர்களே காவலர்களாக நின்றார்கள். ஒவ்வொரு பீவர் வீட்டையும் எண்ணிக் கணக்கு வைத்தார்கள். பசி இருந்தது, கண்முன்னே பீவரும் இருந்தது, ஆயினும் தொடவில்லை. 1940-ஆம் ஆண்டு வாக்கில் அளவோடு பிடிக்கும் நிலைக்குப் பீவர் பெருகிவிட்டது.

பின்னர் வேறொரு இடி. சீல் குட்டிகளைக் கொல்வதை எதிர்த்து உலகெங்கும் குரல் எழுந்தது. அந்தக் குரலில் நியாயம் இருந்தது. 1983-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் சில வகைச் சீல் குட்டித் தோல்களின் இறக்குமதியைத் தடுத்தது. இனுயிட் மக்கள் உணவுக்காகப் பிடித்தது வேறு வகை, வளர்ந்த சீல். ஆனால் தோல் வாங்குபவர் வேறுபாடு பார்க்கவில்லை. சீல் தோல் என்றாலே வேண்டாம் என்றனர். வேட்டைக்குத் தோட்டாவும் எண்ணெயும் வாங்கப் பயன்பட்ட அந்தச் சிறு வருமானமும் போயிற்று.

இத்தனை அடிகளுக்குப் பிறகு அந்த மக்கள் என்ன செய்தார்கள்? 1975-இல் கியூபெக்கின் கிரீ மக்கள், தங்கள் ஆற்றில் பெரிய மின்சார அணைகள் கட்டப்பட்டதை எதிர்த்து வழக்காடி, அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதில் ஒரு பகுதி நம் கவனத்துக்குரியது. காட்டில் வேட்டையாடியும் பொறி வைத்தும் வாழும் குடும்பத்துக்கு, அங்கே செலவிடும் நாள்களைக் கணக்கிட்டு உறுதியான வருமானம் தரப்படும். தோல் விலை விழுந்தாலும் அடுப்பு எரியும். ஒண்டாரியோவில், பூர்வ குடிகளும் மற்றப் பொறிக்காரர்களும் 1991-இல் ஒன்று சேர்ந்து நார்த் பே நகரில் தமக்கென்று சொந்த ஏல நிறுவனம் அமைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெரிய கம்பெனி என்ன ஆயிற்று? 1870-இல் தன் நிலத்தை மூன்று இலட்சம் பவுனுக்குக் கனடாவுக்குக் கொடுத்தது. பொறிக்காரர்களுக்கு அதில் ஒரு காசும் இல்லை. 1987-இல் வடக்கிலிருந்த கடைகளையும் தோல் ஏலத் தொழிலையும் விற்றது. நகரங்களில் எஞ்சிய பெருங்கடைகளும் 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளோடு மூடப்பட்டன. 355 ஆண்டுக் கம்பெனி போயிற்று. காட்டில் பீவர் இருக்கிறது. கிரீ மக்களும் இருக்கிறார்கள்.

நேயர்களே, அந்த மாணவனுக்கு நாம் மறுநாள் சொன்ன விடை இதுதான். விலை என்பது பொருள் விளையும் இடத்தில் பிறப்பதில்லை. வாங்குபவர் கூடும் இடத்தில் பிறக்கிறது. 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது நம் முன்னோர் பலர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வெட்டிய வெட்டில் குறையா இருந்தது? இல்லை. பட்டுத் தொப்பி வந்ததும் பீவர் தோல் விழுந்தது போல, செயற்கை ரப்பர் வந்து நம் பாலுக்கும் போட்டியானது. ஆகவே, விலை விழுந்தபோது "எங்கள் கை ராசியில்லாத கை" என்று எந்தத் தாயும் தகப்பனும் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

"அப்படியானால் நம்ம கையில ஒண்ணுமே இல்லையா, சார்?" என்று அவன் விடாமல் கேட்டான். இருக்கிறது என்றோம். பொருளின் தரத்தையும் அன்றைய விலையையும் அறிந்து வைப்பது நம் கையில் இருக்கிறது. ஒரே கடையின் பற்றுப் புத்தகத்தில் குடும்பம் முழுவதையும் எழுதிவிடாமல் இருப்பது இருக்கிறது. வீட்டுப் பின்புறத்தில் நாலு மரவள்ளி நடுவதும், பிள்ளைக்கு இரண்டாவது தொழில் ஒன்று கற்பிப்பதும் இருக்கிறது. தனியாக நின்று கேட்காமல் சேர்ந்து கேட்பதும் இருக்கிறது. ரூபர்ட் ஹவுஸ் மக்கள் பசியோடு இருந்தும் பீவரைத் தொடாமல் காத்தார்களே, அந்தப் பொறுமையும் நம்மிடம் உண்டு.

அவன் உட்கார்ந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "அந்தப் பீவர் அணை கட்டுமாமே, அதைப் படமா வரையலாமா, சார்?" வரையச் சொன்னோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.