அம்மை குத்துதல் (கொங்கு நாடு)

அம்மை குத்துதல் என்பது, வைசூரி என்னும் பெரியம்மை வாராமற் காக்கும்பொருட்டுப் பசுவம்மைப் பாலை, அதாவது அக்கொப்புளத்தின் நீரை, கீறிய தோலிற் செலுத்தும் முறை. 1796இல் எட்வர்டு ஜென்னர் கண்ட இம்முறை, 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தையின் கையில் முதன்முதற் பலித்து, விரைவிற் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் மருந்து குப்பியில் வரவில்லை. குத்திய எட்டாம் நாளளவில் ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்தின் நீரே அடுத்த குழந்தைக்கு மருந்தாயிற்று. ஆகவே, தன் பிள்ளையின் புண்ணைக் கீறவிடாமல் ஒரு தாய் எங்கோ தோட்டத்துச் சாளையில் ஒளித்துவைத்துவிட்டாளாயின், அத்தொடர் அங்கேயே அறுந்துபோம். யார் கையின் நீரை யார் கையில் ஏற்றுவது என்னும் ஜாதி ஆட்சேபமோ அதனினும் வலியது. மேலும், நோயை மாரியம்மனின் வருகையாகக் கொண்டு, ஆத்தா வந்திருக்கிறாள் என்று நிலைப்படியில் வேப்பிலை செருகும் வீட்டில், அவள் வராதிருக்க ஊசி குத்துவது அபசாரமெனக் கருதப்பட்டது. சென்னையில் உத்தியோகம் வகித்த எல்லிஸ் துரை, சக்திக்கும் தன்வந்திரிக்கும் நிகழும் சம்வாதமாக ஒரு நூலை இயற்றி, பசு தரும் இம்மருந்தும் தெய்வப் பிரசாதமே என்று காட்ட முயன்றார். இதனைப் புனைசுருட்டு என்பாருமுளர்; எனினும் ஊராரின் தெய்வத்தைப் பழிக்காது ஊசியைக் கொணர்ந்த சாதுரியம் பாராட்டத்தக்கதே.

1899இல் கிண்டியில் கிங் நிலையம் தோன்றியபின், கன்றின் தோலிலிருந்து எடுத்த அம்மைப்பால் ஜில்லாக்களுக்கு அனுப்பப்பட்டது. அம்மருந்து கோடை வெப்பத்தில் வீரியம் இழந்தது. வைசூரியோ கோடையிலேதான் மூண்டது. மாரியம்மனுக்கு நோன்பு சாட்டுவதும் பல ஊர்களில் அப்பருவத்திலேயே. கருமத்தம்பட்டி போன்று தோட்டங்கள் சிதறிக்கிடக்கும் கோயம்புத்தூர்க் கிராமாந்தரங்களில் இதற்கான ஏற்பாட்டின் பெரும் பாரம் அம்மை குத்துகிறவரைவிட மணியக்காரர்மீதே விழுந்தது: பிறப்புக் கணக்கைப் பார்த்துப் பெயர் குறிப்பதும், முந்தின நாள் தமுக்கடிப்பிப்பதும், சாவடித் திண்ணையில் தாய்மாரைக் கூட்டுவதும், எட்டாம் நாள் கொப்புளம் எழுந்ததா என்று பார்ப்பதற்கு அவர்களை மீண்டும் வரவழைப்பதும். இவ்வேற்பாடு சீராயமைந்த ஊரில், மருந்து சற்று வீரியம் குறைந்திருந்தாலும் காரியம் நடந்தது. அமையாத ஊரில் நல்ல மருந்தும் வீணாயிற்று. மருந்து வந்தும் தெய்வ நம்பிக்கை நீங்கவில்லை: பிளேக் நோய்க்கு ஹாஃப்கின் 1897இல் கண்ட ஊசி கிடைத்த பின்னரும், கோயம்புத்தூர் நகரத்தார் அந்நோயின் பெயராலேயே ஒரு மாரியம்மனைக் கோயிலிலமர்த்தி வழிபட்டனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1962இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பின்னர் உலர்ந்த மருந்தும், 15 முறை குத்தும் கவைமுனை ஊசியும் வந்தன. 1977இல் இந்தியா பெரியம்மையற்ற நாடெனச் சான்று பெற்றது. தற்காலத்தில் பிற நோய்களுக்கான தடுப்பூசிகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் புதன்கிழமைதோறும் போடுகின்றனர்; விசைத்தறி வேலைக்கு வந்து குடியேறிய வடநாட்டுக் குடும்பங்களின் குழந்தைகளையும் பட்டியலிற் சேர்ப்பது அவர்தம் வேலைகளுள் ஒன்று.