மலிவுத்தாளில் ஏறுமா?

1935ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரத்தில் வேர்ஜில் ஃபின்லே என்ற 21 வயதுப் பெடியன், தான் வரைந்த ஆறு படங்களைத் தபாலில் அனுப்புகிறான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. படங்கள் போன இடம், சிக்காகோவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘வியர்ட் டேல்ஸ்’. பேய், மாந்திரீகம், வேற்றுக்கிரகம் எண்டு விசித்திரக் கதைகளுக்காகவே 1923இல் தொடங்கி, காசுத் தட்டுப்பாட்டோடேயே ஓடிய சஞ்சிகை. லவ்கிராஃப்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய கதைகள் பல முதலில் வந்தது இதில்தான்.

ஆசிரியர் ஃபார்ன்ஸ்வேர்த் ரைட்டுக்குப் படங்களின் தரத்தில் சந்தேகம் இல்லை. அவருடைய சந்தேகம் வேறு: இவ்வளவு நுணுக்கமான வேலை நம்மட தாளில் ஏறுமா?

சும்மா கேட்ட கேள்வி இல்லை. மரக்கூழில் செய்த மலிவுத்தாள் சொரசொரப்பானது, மையை உறிஞ்சும். உள்பக்கப் படங்களை புளொக் செய்து அச்சடிக்கும்போது கறுப்பு இருக்கும், வெள்ளை இருக்கும், இடையில் சாம்பல் நிறம் கிடையாது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துச் சஞ்சிகையை போட்டோகொப்பி எடுத்தபோது பென்சில் நிழல் எல்லாம் கறுப்புத் திட்டாகிப் போனது ஞாபகம் வருகிறது. அதே பிரச்சினைதான்.

ஃபின்லே சாம்பல் நிறத்தைப் புள்ளிகளால் உண்டாக்கினார். மெல்லிய பேனா முனையை மையில் தோய்த்து, மை மட்டும் படுமாறு ஒரு புள்ளி. முனையைத் துடைத்துவிட்டு, திரும்பத் தோய்த்து அடுத்த புள்ளி. இப்படி ஆயிரக்கணக்கில்! கறுப்பு பூசிய அட்டையைக் கத்தியால் சுரண்டி வெள்ளைக் கோடு எடுக்கும் வேலையும் அவருக்குக் கைவந்தது. ஒரு படத்துக்கு நாள்கணக்காகும், கிடைக்கும் காசோ கொஞ்சம். 1935 டிசம்பர் இதழில் அவருடைய படங்கள் அச்சாகின. தாளில் ஏறிவிட்டன.

அதே சஞ்சிகையின் இன்னொரு ஓவியருக்கு இந்தக் கதை மறுபக்கமாக நடந்தது. எனக்கு அதுதான் கூட முக்கியமாகப் படுகிறது.

மார்கரெட் பிரண்டேஜ் சிக்காகோக்காரி, ஃபாஷன் படங்கள் வரைந்து பழகியவர். பொருளாதார மந்த காலத்தில் வீட்டைக் கொண்டுநடத்த வேலை தேடி, தன் படங்களோடு நேரே ரைட்டின் அலுவலகத்துக்குப் போனார். 1932இலிருந்து அட்டைப்படங்கள் அவருடையவை. ஒன்றுக்கு 90 டொலர். ‘எம். பிரண்டேஜ்’ எண்டுதான் கையெழுத்து, அதனால் அந்த அரைநிர்வாணப் பெண்களை வரைவது ஓர் ஆண் எண்டே பல வாசகர்கள் நினைத்திருந்தார்கள்.

அவர் வரைந்தது பாஸ்டல் சோக்கில். தொட்டால் கையோடு வரும். படத்தைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கும் தூரத்தில் அலுவலகம் இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. 1938இல் சஞ்சிகை கைமாறி நியூயோர்க்குக்குப் போனது. சோக் படத்தைக் கலையாமல் அவ்வளவு தூரம் அனுப்புவது பெரும்பாடு. நியூயோர்க்கில் ஆபாச அட்டைகளுக்கு எதிரான கெடுபிடியும் சேர்ந்துகொள்ள, அவருடைய அட்டைகள் குறைந்துகொண்டே போயின. அதே 1938இல் ஃபின்லே, நியூயோர்க்கில் இதைவிடப் பெரிய பத்திரிகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

பிரண்டேஜ் வரைவதை நிறுத்தவில்லை. பிற்காலத்தில் ஓவியச் சந்தைகளுக்குத் தன் மூலப்படங்களைக் கொண்டுபோனபோது அவற்றில் சிலவும் களவு போயின. 1976இல், வறுமையில் இறந்தார்.