யவனர் தேறலும் மண்ணின் மணமும்

புறநானூற்றின் 56ஆம் பாடலில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகின்றார். யவனர் கொணர்ந்த குளிர்ந்த, மணம் கமழும் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் உண்டு மகிழ்ந்து வாழ்க என்பது அவ்வாழ்த்தின் ஒரு பகுதி. இச்சிறு குறிப்பு நம் கடல் வணிக வரலாற்றிற்குப் பெருஞ்சான்றாவதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரு பொருளை அது பிறந்த மண்ணோடு சேர்த்து நினைப்பது குறித்தும் அது நமக்குச் சிலவற்றை உணர்த்துகிறது.

தமிழகம் மதுவகைக்கு வறுமையுற்ற நாடன்று. கள், நறவு, தோப்பி எனப் பல வகைகளைச் சங்கப் பாடல்கள் கூறும். தோப்பி நெல்லிலிருந்து இல்லத்தில் ஆக்கப்பட்டது. மலைவாழ் மக்களின் தேறல் மூங்கிற்குழாயில் முதிர்ந்தது. இத்தகைய நாட்டில் அயலவர் தேறலைப் புலவர், கொணர்ந்தவர் பெயராலும் மணத்தாலும் வேறுபடுத்திச் சுட்டுகின்றார். அப்பாடலில் வரும் ‘கலம்’ என்னும் சொல் மரக்கலமா, மட்கலமா என்னும் ஐயமும் எழுந்ததுண்டு. பழைய உரைகாரர் அதனைக் குப்பி என்றே கொண்டார்.

அவ்வுரைக்கு மண்ணும் சான்று தந்தது. புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டின் சிறப்பைப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் முன்னரே உணர்ந்திருந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, இரு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்தார். சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றுட் பல கிரேக்கத் தீவாகிய கோசின் சாடி வகையைச் சார்ந்தவை என்று கண்டார். கோசு மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம்; உரோமானியரான கேட்டோ அதன் செய்முறையை எழுதி வைத்துள்ளார். சாடியின் வடிவமே அன்று ஊர்ப்பெயரை உணர்த்தும் முத்திரையாயிற்று.

யவனர் மேற்கேயும் சென்றனர். கி.மு. 600 அளவில் இன்றைய பிரான்சின் தென்கரையில் மார்சேய் நகரை நிறுவிய கிரேக்கர், அங்குத் திராட்சை வளர்ப்பையும் பரப்பினர். இடைக்காலத்தில் பர்கண்டிக் கோமகன் பிலிப், 1395இல் ஓர் ஆணையிட்டான். மிகுதியாகக் காய்க்கும் ‘கமே’ என்னும் கொடியை அகற்றுமாறு பணித்தான். அக்கொடி தெற்கேயுள்ள பொழோலே குன்றுகளின் கருங்கல் மண்ணில் தன் இருப்பிடத்தைக் கண்டது.

இருபதாம் நூற்றாண்டில் செயற்கை உரமும் களைக்கொல்லியும் ஆலையில் ஆக்கிய நொதியும் அங்கும் புகுந்தன. விளைச்சல் பெருகியது, ஊருக்கு ஊர் இருந்த சுவை வேறுபாடு தேய்ந்தது. வேதியியல் அறிந்த மது வணிகர் ழூல் ஷோவே (1907–1989) இப்போக்கை ஆராய்ந்து மாற்று வழி காட்டினார். அவ்வழியை 1980களில் மொர்கோன் ஊரின் மார்செல் லப்பியேர் மேற்கொண்டார். நச்சு மருந்தின்றி வளர்ந்த பழங்களைக் கையாற் பறித்துத் தேர்ந்து, பழத்தோலில் இயல்பாக உள்ள நொதியாலேயே புளிக்கவைத்து, கந்தகத்தை மிகக் குறைத்தோ நீக்கியோ செம்மது ஆக்கினார். இவ்வழியில் அளவு சிறிது, உழைப்புப் பெரிது. இயற்கை வேளாண் மதுவுக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2012இல்தான் தனி விதி வகுத்தது.

மண், சரிவு, மழை, வெயில், உழவன் கைப்பழக்கம் ஆகிய அனைத்தையும் பிரெஞ்சுக்காரர் ‘தெருவார்’ என ஒரே சொல்லால் குறிப்பர். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்து உணவும் மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள் எனவும் வகுத்த தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு அச்சொல் அந்நியமாகத் தோன்றாது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்பது இங்குக் கருத்தன்று. நிலத்தை நீக்கிவிட்டுப் பொருளை அறிய இயலாது என்னும் தெளிவை இரு மக்களும் தனித்தனியே அடைந்தனர் என்பதே கருதத்தக்கது.

நம் நாட்டிலும் இவ்வுணர்வு அற்றுப்போகவில்லை. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. திராட்சையை இங்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்பது வழிவழிச் செய்தி. நம் கவரைப்பேட்டைப் பக்கமோ நெல் விளைந்த பூமி. இன்று நெடுஞ்சாலையும் கும்மிடிப்பூண்டி ஆலைகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. கடையில் நாம் வாங்கும் அரிசி மூட்டையில் வணிகப் பெயர் பளிச்சிடுகிறது. எவ்வூர் வயலில் விளைந்தது என்னும் குறிப்பைக் காண்பது அரிது.

நக்கீரனார் பாடல் தேறலின் மணத்தையும் கொணர்ந்தாரையும் சொல்லிற்று. அது விளைந்த தீவைச் சொல்லவில்லை. அரிக்கமேட்டு ஓடு தீவைச் சுட்டிற்று. மணத்தைச் சொல்ல அதற்கு வாயில்லை. ஈராயிரம் ஆண்டு கடந்து அவ்விரண்டையும் நாம் இணைத்துப் படிக்கிறோம். நம் வயல்களுக்கு அத்தகைய ஓடும் எஞ்சப்போவதில்லை. ஆதலின் நெல்லின் பெயரையும் ஏரியின் பெயரையும் விளைவித்தோர் உழைப்பையும் பாட்டில் ஒருசேரப் பொதிந்து வைக்கும் கடமை இவ்வட்டத்துக் கவிஞர்களுடையது.