கருவறியும் கருவியின் வரலாறு

ஒரு கருவியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் மேதைமையையே எழுதிச் செல்வர். அக்கருவி யாருடைய கையில் இருந்தது, யாருடைய கைக்கு எட்டாதிருந்தது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. தான் கருவுற்றிருப்பதைப் பெண்ணொருத்தி தன் வீட்டிலிருந்தவாறே அறிந்துகொள்ள உதவும் சிறு கருவி இன்று மருந்துக்கடைகளில் விற்கப்படுகின்றது. மேற்கூறிய வினாவுடன் அதனை அணுகும்போது, விஞ்ஞானத்தின் வரலாறாகத் தொடங்குவது அறிவின் உடைமை பற்றிய வரலாறாக விரிகின்றது.

அறிய வேண்டுமென்ற வேட்கை பழையது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியச் சுவடியொன்று, கோதுமை விதையின் மீதும் வாற்கோதுமை விதையின் மீதும் பெண் நாள்தோறும் சிறுநீர் கழிக்க வேண்டுமென்றும், விதை முளைத்தாற் கரு உண்டென்றும் கூறுகின்றது. 1963ஆம் ஆண்டில் இம்முறையை ஆய்வுகூடத்திற் சோதித்தவர்கள், கருவுற்ற பெண்களின் சிறுநீர் ஏறக்குறைய 70 சதவீதமான சந்தர்ப்பங்களில் விதையை முளைக்கவிட்டதைக் கண்டனர். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதையும் விதை காட்டுமென்ற கூற்று மாத்திரம் பொய்த்தது. பழமை முழுவதும் மூடநம்பிக்கையுமன்று, முழுவதும் ஞானமுமன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நவீன முறை பேர்லின் நகரிற் பிறந்தது. 1920களின் இறுதியில் செல்மார் ஆஷ்ஹைம், பேர்ண்ஹார்ட் சொண்டெக் என்னும் இரு வைத்தியர்கள், பெண்ணின் சிறுநீரை முதிராத பெண் எலிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினர். சில நாட்களின் பின் எலிகளைக் கொன்று சூலகத்தைப் பார்த்தனர். அது முதிர்ச்சியடைந்திருப்பின் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று முடிவு செய்தனர். 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து, யூதர்களான இவ்விருவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஒருவர் பிரான்சிலும் மற்றவர் ஜெருசலேமிலும் தஞ்சமடைந்தனர். மனிதகுலத்துக்குப் பயன்பட்ட அறிவைப் படைத்தவர்களையே பாசிசம் துரத்தியது.

எலிக்குப் பதிலாக முயலைப் பயன்படுத்தும் முறையை 1931இல் அமெரிக்காவில் மோரிஸ் பிரீட்மன் வகுத்தார். எலியும் முயலும் ஒவ்வொரு சோதனையிலும் மடிய வேண்டியிருந்தது. இதற்கு மாற்று தென்னாபிரிக்கத் தவளையிடமிருந்து கிடைத்தது. கேப் ரவுண் பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1930 வரை பணியாற்றிய லான்செலட் ஹொக்பன் என்பவரின் ஆராய்ச்சி இதற்கு வழிதிறந்தது. பொதுமக்களுக்கெனக் கணித நூல் எழுதிய, நிறவெறியை வெறுத்த இடதுசாரி அறிஞர் அவர். கருவுற்ற பெண்ணின் சிறுநீர் ஏற்றப்பட்ட தவளை ஒரு நாளைக்குள் முட்டையிடும். அதனைக் கொல்லவேண்டியதில்லை, மீண்டும் பயன்படுத்தலாம்.

முறைகள் மாறியபோதும் ஒன்று மாத்திரம் மாறவில்லை. சோதனை ஆய்வுகூடத்தில் நடந்தது. விடை வைத்தியரிடம் சென்றது. தன் உடலைப் பற்றிய செய்தியைப் பெண் கடைசி ஆளாகவே கேட்டறிந்தாள். 1960இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிராணிகளை அகற்றி, பரிசோதனைக் குழாயிலேயே முடிவு காணும் முறையை வகுத்த பின்னரும் இந்நிலை நீடித்தது.

இதனை உடைத்தவர் வைத்தியரோ விஞ்ஞானியோ அல்லர். 1967இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஓர்கனன் என்னும் மருந்துக் கம்பனியில் அழகுசாதனப் பொருட்களுக்கு உறைகள் வடிவமைத்துக்கொண்டிருந்த மார்கிரட் கிரேன் என்னும் இளம்பெண்ணே அவர். ஆய்வுகூடத்தில், கண்ணாடிப் பரப்பொன்றின் மேல் வரிசையாகத் தொங்கிய குழாய்களைக் கண்டு அவற்றின் நோக்கத்தை வினவினார். இத்துணை எளிய செயலைப் பெண்கள் தாமே செய்துகொள்ளலாகாதா என்று சிந்தித்து, சிறு பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் மாதிரியைச் செய்தார். வைத்தியர்களின் ஆதரவை இழந்துவிடுவோம் என்று கம்பனியார் முதலில் மறுத்தனர். பின்னர் அவரது வடிவத்தையே ஏற்றனர். ஆக்கவுரிமைப் பத்திரம் அவர் பெயரில் வழங்கப்பட்டது. உரிமையோ ஒரு டொலருக்குக் கம்பனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த ஒரு டொலரும் தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறினார். கனடாவில் முதலில் விற்பனைக்கு வந்த இக்கருவி, அமெரிக்கக் கடைகளை 1970களின் பிற்பகுதியிலேயே எட்டியது. 2015இல் அவரது மாதிரி ஏலத்தில் 11,875 டொலருக்கு விலைபோய், அமெரிக்கத் தேசிய நூதனசாலையைச் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் உண்டு. இன்றைய சோதனைப் பட்டியின் உயிர்நாடியான ஒற்றைவகைப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் முறை, 1975இல் கேம்பிரிட்ஜ் நகரில் அரசாங்கப் பணத்தில் இயங்கிய ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டது. அதற்கு ஆக்கவுரிமை பெறப்படவேயில்லை. உலகம் முழுவதும் அதனைப் பயன்படுத்தியது.

கருவியை உடைமையாக்குதல் மட்டும் போதாது. அதனைப் புரிந்துகொள்ளுதலும் வேண்டும். கரு கருப்பையின் சுவரிற் பதிந்த பின்னரே எச்.சி.ஜி. என்னும் ஓமோன் சிறுநீரில் தோன்றும். பட்டி அதனையே கண்டறிகின்றது. ஆதலின் மாதவிடாய் தவறுமுன் செய்யும் சோதனை 'இல்லை' எனக் காட்டினும் அதனை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. சில நாட்களின் பின், காலையில் முதன்முதற் கழிக்கும் சிறுநீரைக்கொண்டு மீண்டும் சோதித்தல் வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு தோன்றாவிடிற் சோதனையே செல்லாது. குறித்த நேரம் கடந்தபின் தோன்றும் மங்கற் கோட்டையும் பொருட்படுத்தலாகாது. 'உண்டு' எனக் காட்டும் பட்டி, கரு கருப்பையினுள் உள்ளதா வெளியே குழாயில் உள்ளதா என்பதைக் கூறாது. ஆகவே வைத்திய ஆலோசனை அவசியம். கடும் வயிற்றுவலியோ இரத்தப்போக்கோ இருப்பின் ஒரு கணமும் தாமதித்தலாகாது.

இங்கு மற்றொரு உண்மையையும் நாம் மறத்தலாகாது. பெண்ணின் கையில் விடுதலைக்கு உதவிய சோதனை, முதலாளியின் கையில் அடக்குமுறைக் கருவியாயிற்று. மெக்சிக்கோவின் எல்லைப்புற ஏற்றுமதித் தொழிற்சாலைகளில், வேலை தேடிவந்த பெண்கள் கட்டாயமாகச் சோதிக்கப்பட்டுக் கருவுற்றோர் திருப்பியனுப்பப்பட்டதை மனித உரிமை அமைப்பொன்றின் 1996ஆம் ஆண்டு அறிக்கை அம்பலப்படுத்தியது. 2000ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் அமைப்பு நிறைவேற்றிய மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம், தாய்க்கோ சேய்க்கோ கேடு தரும் வேலைகள் தொடர்பாகச் சட்டம் அனுமதிக்கும் சந்தர்ப்பங்களைத் தவிர, வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடம் இச்சோதனையைக் கோருவதைத் தடைசெய்கின்றது.

சிறுநீர் ஒன்றே, ஓமோன் ஒன்றே, தோன்றும் கோடும் ஒன்றே. எனினும் வீட்டில் அது பெண்ணுக்கு விடையளிக்கின்றது. தொழிற்சாலை வாயிலில் அவளைக் குற்றவாளியாக்குகின்றது. வேறுபாடு கருவியில் இல்லை, சமூக உறவில் உள்ளது. மாணவருக்கு விஞ்ஞானம் கற்பிப்போர் ஓமோனின் பெயரோடு இவ்வுண்மையையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், அக்கல்வி முழுமை பெறும்.