இருவாட்சிப் பறவையின் வரலாறு

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த நமது ஐந்து வெள்ளித் தாளைப் புரட்டிப் பாருங்கள். பெரிய அலகும், அதன்மேல் வளைந்த கொம்பும் கொண்ட பறவை ஒன்று அதில் தெரியும். மலாய்க்காரர்கள் அதனை எங்காங் என்பர். தமிழில் இருவாட்சி என்கிறோம். சரவாக் மாநிலத்தின் சின்னமும் அதுவே. இன்று நாம் பேசப்போவது அதன் இனத்தைச் சேர்ந்த தலைக்கவச இருவாட்சியைப் பற்றி.

இப்பறவையின் குரல் கோடரியால் மரம் வெட்டுவதுபோல் தொடங்கிப் பெருஞ்சிரிப்பாய் முடியும். மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகனே இப்பறவையானான் என்பது மலாய்க் கதை.

மற்ற இருவாட்சிகளின் கொம்பு உள்ளே பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். இதன் கொம்போ தந்தம்போல் கெட்டியானது. வாலடியில் சுரக்கும் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து அதைச் சிவப்பாக்கிக் கொள்கிறது. அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. 1371-இல் புருணை மன்னர் சீனத்து மிங் பேரரசருக்கு அனுப்பிய காணிக்கைப் பொருள்களில் இந்தக் கொம்பும் இருந்தது. சீனர் இதனைக் கொக்கின் உச்சி என்று அழைத்தனர். இடைவார்க் கொளுவிகளும் பொடிச் சிமிழ்களும் செதுக்கினர்.

இதன் இல்லறத்தைக் கேளுங்கள். பழைய பெருமரத்தின் பொந்தில் பெண் பறவை புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு பிளவு மட்டுமே மிஞ்சும். ஏறக்குறைய ஐந்து மாதம் ஆண் பறவை அத்திப்பழங்களைக் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். வளர்வது ஒரே ஒரு குஞ்சு. வெளியே போன ஆண் பறவை வேடன் கையில் வீழ்ந்தால், உள்ளே தாயும் பிள்ளையும் பட்டினி. சம்பாதிப்பவர் ஒருவரையே நம்பியிருக்கும் குடும்பத்தின் நிலை நமக்குத் தெரியாததா?

1975-இல் இதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. ஆயினும் கள்ள வேட்டை ஓயவில்லை. 2015-இல் இப்பறவை அழிவின் விளிம்பில் உள்ள இனமென அறிவிக்கப்பட்டது.

வேட்டை மட்டுமா காரணம்? பெருமரம் போனால் பொந்தும் போயிற்று. நாம் வாழும் தோட்டங்களில் பல ஒரு காலத்தில் காடுகளே. அவற்றை வெட்டித் திருத்தி ரப்பர் நட்டவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. அது அவர்களின் வயிற்றுப்பாடு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எஞ்சிய காட்டைக் காப்பது நம் கையில் இருக்கிறது. பேராக் மாநிலத்துப் பெலும்-தெமெங்கோர் காட்டில் மலேசியாவின் பத்து வகை இருவாட்சிகளும் இன்றும் வாழ்கின்றன. பழங்களைத் தின்று, விதைகளைத் தொலைதூரம் பரப்பிக் காட்டை வளர்ப்பவையும் அவையே.

இன்றிரவு அந்த ஐந்து வெள்ளித் தாளைப் பிள்ளைகளிடம் காட்டி, இக்கதையைச் சொல்லுங்கள்.