ஹெலிகன் தோட்டத்துச் சுவர்கள்



தோட்டத்துக்கு எதற்காகச் சுவர் வைக்கிறோம்? ஆடு மாடு உள்ளே வரக்கூடாது என்றுதானே! முள்வேலி போட்டாலே போதும். ஆனால் இங்கிலாந்தில் பெரிய பண்ணை மாளிகைக்காரர்கள் இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். குளிருக்காகத்தான் அது. தெற்கே பார்த்த சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் மெல்ல மெல்ல விடும். பீச் மரக் கிளைகளை விசிறி மாதிரி பரப்பி அந்தச் சுவரோடு கட்டிவிடுவார்கள். சில ஊர்களில் சுவருக்குள்ளேயே புகைவழி விட்டு, அடியில் நெருப்பும் போட்டிருக்கிறார்கள்!

கார்ன்வால் பகுதியில் ஹெலிகன் என்று ஒரு மாளிகை. ட்ரெமெய்ன் குடும்பத்துச் சொத்து. 1914-க்கு முன்னால் அங்கே 22 தோட்டக்காரர்கள் வேலை பார்த்தார்கள். வைக்கோலால் முடைந்த தேன்கூடுகளை மழை படாமல் வைக்க, நம் விளக்கு மாடம் மாதிரி சுவரில் மாடங்கள் இருந்தன. முலாம்பழத் தோட்டத்தை ஒட்டிப் பழம் வைக்கும் அறை, தொட்டிச் செடி அறை, வேலையாட்களுக்கு ஒரு கக்கூஸ்.

அன்னாசிக் குழியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நடுக்குழியில் செடி, மேலே கண்ணாடி மூடி. இரண்டு பக்கக் குழிகளிலும் குதிரை லத்தியை நிரப்பிவிடுவார்கள். எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அதே சூடுதான். குளிர் நாட்டில் அன்னாசி பழுத்தது நெருப்பால் அல்ல, எருவால்! ஆனால் பழைய எருவை எடுத்துப் புதிது போட ஆள் இருந்துகொண்டே இருக்கணும்.

அந்த ஆட்கள்தான் போய்விட்டார்கள். 1914 ஆகஸ்டில் யுத்தம் வந்தது. தோட்டக்காரர்கள் அந்தக் கக்கூஸ் சுவரில் பென்சிலால் தங்கள் பெயரையும் மாதத்தையும் எழுதினார்கள். பட்டாளத்துக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1916-ல் தோட்டத்தில் மிஞ்சியது 8 பேர். பிறகு மாளிகை கைமாறி, 1970-களில் பல குடித்தனங்களாகப் பிரிந்தது. தோட்டத்தை முள்ளும் கொடியும் மூடிவிட்டன. செங்கல் அப்படியேதான் நின்றது. கிளையைக் கட்டுகிற கை இல்லாமல் சுவர் இருந்து என்ன செய்ய?

1990-ல் டிம் ஸ்மிட் என்பவரும், ட்ரெமெய்ன் வழிவந்த ஜான் வில்லிஸும் புதரை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சுவர்களைச் செப்பனிட்டு, குழியில் மறுபடி லத்தி போட்டுப் பழகி, 1997-ல் அன்னாசி அறுத்தார்கள். ஒரு பழம் எலிசபெத் ராணிக்கும் போயிற்று.

அந்தக் கக்கூஸை 2013-ல் லண்டன் போர் அருங்காட்சியகம் நினைவிடமாக அங்கீகரித்தது. சுவரில் பென்சில் எழுத்து மங்கித்தான் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பெயர் தெரியும்.