கோபுரத்துக்கு அடியில் ஒரு ஸ்பானிய அரசன்

1808ஆம் ஆண்டளவில் சென்னை நாணயச்சாலை அடித்த அரை வராகன் வெள்ளிக்காசில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் பெருமாள். பெருமாளைச் சுற்றிலும் தமிழும் தெலுங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சில காசுகளில் ஸ்பெயின் அரசனின் பெயரெழுத்தோ முகவிளிம்போ மங்கலாகத் தெரியும். கப்பலில் வந்த ஸ்பானிய டாலர்களின் மேலேயே புது அச்சை இறக்கியதால் தங்கிவிட்ட தடம் அது.

சோழமண்டலத்துக்கு வெள்ளி கடல்வழியாகத்தான் வந்தது. கரை மேற்கே திரும்பும் கோடியக்கரை முனைக்கு வடக்கே, நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். 1658இல் டச்சுக்காரரும் 1781இல் ஆங்கிலேயரும் அதைப் பிடித்தார்கள். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர். துணி வாங்க வந்த எல்லோருக்கும் வெள்ளி தேவைப்பட்டது.

அந்த வெள்ளியை நாணயம் மாற்றும் சராப்புகள் சோதித்தார்கள். அரசன் முகம் தேய்ந்திருக்கிறதா என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. தராசில் நிறை, உரைகல்லில் மாற்று, தரையில் தட்டினால் எழும் ஓசை: இவையே காசின் தரம். தேய்ந்த காசுக்கு வட்டம், அதாவது கழிவு, பிடிப்பார்கள், அவ்வளவுதான். இந்தத் தொழில் இங்கே மிகப் பழையது. காசு நோட்டம் பார்த்த வண்ணக்கர்கள் சங்கப் புலவர் வரிசையிலேயே இருக்கிறார்கள்; சோழர் கல்வெட்டுகள் கொடையை ‘அன்றாடு நற்காசு’ என்று குறித்துக் கணக்கு வைத்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து தோட்ட வேலைக்குப் பினாங்கு போனவர்கள் கூலியை டாலரில் வாங்கினார்கள். 1895 முதல் பம்பாயில் கிழக்கு நாடுகளுக்காக அச்சான பிரிட்டிஷ் டாலர் 416 கிரெயின் எடை, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. பிரிட்டானியா ஏந்திய சூலத்தின் நடுக்கவையில் பம்பாயைக் குறிக்கும் ‘பி’ எழுத்து நுணுக்கமாக இருக்கும். 1903இல் மலாயாவுக்கென்று தனி டாலர் வந்தது. 1907இல் அதன் எடை 312 கிரெயினாகக் குறைந்தது.

இன்றைய சேகரிப்பாளர் வேறொன்றைத் தேடுகிறார். அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான மதிப்பெண் பின்னர் வெள்ளி டாலருக்கும் பரவியது. புழக்கத்துக்கே வராத காசுக்கு 60 அல்லது அதற்கு மேல். மேடுகளின் தேய்மானம், வெற்றிடத்தின் கீறல், அச்சின் அழுத்தம், பளபளப்பு ஆகியவை சேர்ந்து எண்ணைத் தீர்மானிக்கும். நம் வீடுகளில் அக்கறையோடு புளியும் விபூதியும் போட்டுத் துலக்கிய காசில் மெல்லிய கோடுகள் விழுந்துவிடுகின்றன. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்திருந்தால் விளிம்பில் ஈயத்தழும்பு. இரண்டுக்கும் மதிப்பெண் கிடைப்பது அரிது. இது வருத்தமான கணக்கு. ஒரு குடும்பம் காசைப் போற்றிய அடையாளத்தைக் குறையென்று மட்டும் எழுதக் கூடாது.

சீன வணிகர் சோதித்து முத்திரை குத்திய டாலர்களுக்கு அந்த நியாயம் ஓரளவு கிடைத்திருக்கிறது. சேதமென்று முன்பு ஒதுக்கப்பட்டவற்றை அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்று இப்போது தனி வகையாக ஏற்கிறது.

அரை வராகனில் இன்னும் கவனம் வேண்டும். கோபுரத்தின் ஒரு பகுதி மழுங்கியிருந்தால் அது தேய்மானம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மழுங்கிய இடத்திலேயே பழைய ஸ்பானிய எழுத்தின் மேடு கலையாமல் தெரிந்தால், அங்கே அச்சு முழுதாக இறங்கவில்லை என்று பொருள். கை பட்டுத் தேய்ந்திருந்தால் முதலில் மறைந்திருப்பது அந்த மேடுதான்.